மூன்று பத்தொன்பதான மத்தியானம்

போன வாரம் பயிற்சி வகுப்பு முடிந்து கிளம்பும்போது உங்களில் ஒரு பெண் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டாள். ஒரு கம்ப்யூட்டர் பிராசஸரின் வேகத்தைக் கூட்டி, வோல்டேஜைச் சரிசெய்து, காலையிலிருந்து சோதனை ஓட்டியிருக்கிறாள். மெஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை. ‘ஸ்டேபிள்’, அதாவது தடுமாறாமல் ஓடும், என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாள். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். பதில் தெரியாமல் இல்லை. வாசலில் நின்று சொல்லித் தீர்க்கக்கூடிய பதில் அல்ல அது. அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள். கோவை காந்திபுரத்தில் ஒரு மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் கடை இருந்தது. விற்பது முதலாளியின் வேலை. விற்ற மெஷின்கள் ஓடிக்கொண்டிருப்பது என் பொறுப்பு. என்னோடு வேலை பார்த்தவர்களில் முரளிக்கு இருந்த கை வேறு யாருக்கும் இருந்ததில்லை. உடுமலைப் பக்கத்துப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும். மற்றவர்கள் ஒரு மெஷினை அரைநாள் பிரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவன் வந்து ஃபேன் சத்தத்தைக் கேட்டே எது கோளாறு என்று சொல்லிவிடுவான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதுதான் அவனுக்குப் பிற்பாடு வினையாயிற்று.

முந்நூறு மெகாஹெர்ட்ஸ் என்று போட்டு வரும் ஒரு மலிவு விலை பிராசஸர் அப்போது புழக்கத்தில் இருந்தது. அதை நானூற்றைம்பதில் ஓட்டலாம் என்று ஊரெல்லாம் பேச்சு. நீங்கள் இன்று திரையில் ஒரு கோட்டை இழுத்துவிட்டுச் செய்வதை நாங்கள் பெட்டியைத் திறந்து, மதர்போர்டில் நகக்கண் அளவு இருக்கும் ஜம்பர்களைப் பிடுங்கி இடம் மாற்றிச் செய்வோம். வோல்டேஜைக் கூட்டினால் வேகத்தைத் தாங்கும். ஆனால் சூடு ஏறும். குறைத்தால் குளிர்ச்சியாக ஓடும். ஒரு கட்டத்துக்குக் கீழே தடுமாறும். இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதில் கோவையிலேயே முரளியை மிஞ்ச ஆள் கிடையாது என்று நாங்கள் நம்பினோம்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் கோழித் தீவன மில் வைத்திருந்த ராமசாமி எங்கள் வாடிக்கைக்காரர். சோளம், சோயா விலை தினமும் மாறும். எதை எத்தனை கிலோ கலந்தால் சத்தும் குறையாது, செலவும் ஏறாது என்று கணக்குப் போட அவரிடம் ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. அந்தக் கணக்கு முடியும்வரை கலவை மெஷின் சும்மா நிற்கும். அவர் வேகம் கேட்டார். மார்கழி மாதத்தில் முரளி அவருக்கு அந்தப் பிராசஸரை வைத்து ஒரு மெஷின் தயார் செய்தான். கடையில் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தான். நிற்கவேயில்லை. இவ்வளவு வேகத்துக்கும் வோல்டேஜை ஒரு படிகூட ஏற்றவில்லை என்பதில் அவனுக்கு ரொம்பப் பெருமை. மில்லில் கொண்டுபோய் வைத்தபோது, இனிமேல் கணக்கை அப்படியே நம்பலாமா என்று ராமசாமி கேட்டிருக்கிறார். தப்புப் பண்ணுவது மனுஷன்தான், கம்ப்யூட்டர் பண்ணாது என்று இவன் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அன்றைக்கு எல்லாக் கடைக்காரனும் சொன்ன வார்த்தைதான் அது.

சித்திரையில் ஒரு காலை ராமசாமியிடமிருந்து போன் வந்தது. மெஷின் ரிப்பேரா என்று கேட்டேன். “மிசின் நல்லாத்தான் இருக்குதுங் மேடம். அதுல யாரோ கை வெச்சிருக்காங்க. யாருன்னு நீங்க பாத்துச் சொல்லோணும்” என்றார். குரல் சரியில்லை. முரளியையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். சிங்காநல்லூர், சூலூர் தாண்டி பஸ் போய்க்கொண்டிருக்கையில் அவன் அந்த மெஷினை அமைத்த விதத்தை எனக்கு மறுபடி விளக்கிக்கொண்டு வந்தான்.

பல்லடத்தில் ராமசாமி ஜீப்போடு காத்திருந்தார். மில்லுக்குப் போகும் வழியில், ஒரு கோழிப் பண்ணை முன்னால் வண்டியை நிறுத்தினார். முதலில் இதைப் பாருங்கள் என்று இறங்கி நடந்தார்.

அந்தக் கொட்டகைக்குள் நான் பார்த்ததை இத்தனை வருஷம் கழித்தும் முழுசாகச் சொல்ல எனக்கு வரவில்லை. நீளமான கொட்டகை. இரண்டு வாரக் குஞ்சுகள். உயிரோடு இருந்தவை தண்ணீர்த் தட்டுகளைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. சில நிற்க முடியாமல் கழுத்தைத் தரையில் போட்டுக்கிடந்தன. இறந்தவற்றைச் சுவரோரம் கூட்டிக் குவித்திருந்தார்கள். அந்தக் குவியல் என் முழங்காலுக்கு மேலே இருந்தது. இரைச்சல் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன்; தட்டுகளில் அலகு படுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. முரளி வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

பண்ணை மாராத்தாள் என்ற பெண்ணுடையது. ராமசாமி குஞ்சும் தீவனமும் கொடுப்பார். அவள் வளர்த்துத் தர வேண்டும். நாற்பது வயதுக்காரி, புருஷன் இல்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தட்டு தட்டாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்து நின்றாள். குஞ்சுகள் பேய்த்தனமாகத் தண்ணீர் குடித்ததாகவும், எச்சமெல்லாம் தண்ணீராகப் போனதாகவும், மேற்பார்வைக்கு வருகிற ஆள் தண்ணீரைக் குறைக்கச் சொன்னதாகவும் சொன்னாள்.

“ஒரு நாளு தண்ணியே வெக்கல அம்மணி. அன்னிக்குத்தான் கொத்துக்கொத்தா உளுந்துச்சு. தீவனத்துல உப்புங்கறாரு டாக்டரு. தண்ணிய நிறுத்துனதுதான் பாதியக் கொன்னுச்சாம்.”

அழவில்லை. சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டாள்.

ஜீப்பில் ராமசாமி மீதியைச் சொன்னார். ஒரு டன் குஞ்சுத் தீவனத்துக்கு உப்பு மூன்று கிலோ. இந்த லோடில் அது பல மடங்கு இருந்ததாகக் கால்நடை டாக்டர் அன்று காலைதான் சொல்லியிருக்கிறார். மில்லில் கலவை போடுகிறவர் ஆறுச்சாமி, பதினைந்து வருஷ ஆள். அவரைக் கேட்டால், காகிதத்தில் பத்தொன்பது என்று இருந்தது, அதைத்தான் போட்டேன் என்கிறார். லோடு போய் இரண்டு மூன்று நாளானால் அந்தக் காகிதம் பாய்லர் அடுப்புக்குப் போய்விடும். இப்போது கையில் இல்லை. கம்ப்யூட்டரில் பார்த்தால் மூன்று என்றே இருக்கிறது. பக்கத்து மில்காரன் எவனோ பணம் கொடுத்து ஆறுச்சாமியை இப்படிச் செய்யவைத்திருக்கிறான் என்பது ராமசாமியின் முடிவு. சாயங்காலம் போலீஸ் வருகிறது. நான் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மெஷினைப் பார்த்து, அதில் தப்பில்லை என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

ஆறுச்சாமியை மில் ஆபீஸ் வெளியே ஒரு பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். யாரும் கட்டிப்போடவில்லை. ஆனால் எழுந்து போக முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் உள்ளே போகும்போது அவர் எழுந்து கும்பிட்டார். சட்டையிலும் தலைமுடியிலும் தீவன மாவு.

ஆபீஸ் அறையில் ஜன்னல் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நான் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். சாஃப்ட்வேரில் யாரும் எதையும் மாற்றிய அடையாளம் இல்லை. அந்த லோடு போன நாளின் விலைகளைக் கொடுத்து அதே கணக்கை ஓட்டினேன். உப்பு மூன்று. திரும்ப ஓட்டினேன். மூன்று. சலிக்கும்வரை ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் மூன்றுதான் அச்சாகி வந்தது. முரளியின் முகத்தில் ரத்தம் திரும்பிவந்தது. “மெஷின்ல ஒண்ணும் இல்லக்கா, கெளம்பலாம்” என்றான். ராமசாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக.

அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும். கையில் இருந்த சாட்சியமெல்லாம் அந்தப் பக்கம்தான் இருந்தது. மெஷின் நான் கேட்டபோதெல்லாம் சரியாகப் பதில் சொல்லியது. சொல்லிவிட்டு நான் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோவை திரும்பியிருக்கலாம். என்னைத் தடுத்தது அறிவு என்று பெருமைப்பட முடியாது. வெளியே உட்கார்ந்திருந்தவர் எழுந்து கும்பிட்டாரே, அந்த மனுஷரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் போவது எப்படி என்ற கூச்சம்தான்.

போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தக் காகிதம் உங்கள் கைக்கு வந்தபோது என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார். மத்தியான நேரம். கரண்ட் போயிருந்தது. ஜெனரேட்டரில் மில்லும் கம்ப்யூட்டரும் மட்டும் ஓடின. ஆபீஸ் ஏசி ஓடவில்லை. முதலாளி பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டே காகிதத்தை அடித்துக் கொடுத்தார்.

“உப்பு நெம்ப இருக்குதுங்களேன்னு கேட்டனுங்க. பேப்பர்ல இருக்கறதப் போடு, கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுன்னாரு. அப்பறம் நானு என்னுங்க சொல்றது?”

ராமசாமி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்படி நான் சொல்லவே இல்லை என்று அவர் மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. எதையோ ஞாபகப்படுத்திப் பார்க்கிறவர் போல நின்றார்.

நான் உள்ளே போய் ஏசியை நிறுத்தச் சொன்னேன். ஜன்னலைச் சாத்தினேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெளியே சித்திரை வெயில். கொஞ்ச நேரத்தில் அறை அடுப்பாகிவிட்டது. முரளிக்குப் புரிந்துவிட்டது. சுவரில் சாய்ந்துகொண்டான். நான் மறுபடி அதே கணக்கை ஓட்டத் தொடங்கினேன். சரியான விடை. மறுபடி சரியான விடை. ஒவ்வொரு தாளும் வெளியே வரும்போது நான்கு பேரும் குனிந்து பார்ப்போம். ஆறுச்சாமியும் உள்ளே வந்திருந்தார். எனக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. ஒருவேளை என் சந்தேகம்தான் தப்போ என்று தோன்ற ஆரம்பித்த நேரம், இன்னொரு தாள் வந்தது.

உப்பு மூன்றுதான். ஆனால் முந்நூறு கிலோ இருக்க வேண்டிய சோயாப் புண்ணாக்கு நாற்பத்து நான்கு என்று அச்சாகியிருந்தது.

மெஷின் நிற்கவில்லை. திரை அதிரவில்லை. ஒரு ‘பீப்’ சத்தம்கூட இல்லை. அடியில் மொத்தம் ஆயிரம் கிலோ என்று எப்போதும்போலப் போட்டுவிட்டு, அடுத்த வேலைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. முன்பின் கெட்டுப்போன மெஷின்கள் எத்தனையோ பார்த்தவள் நான். புகை வந்தவை, நீலத்திரை போட்டு நின்றவை, பாதியில் உறைந்தவை. எல்லாமே தன் நோயைத் தானே சொன்னவை. இப்படி முகம் மாறாமல் பொய் சொன்ன மெஷினை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் கை கீபோர்டை விட்டு விலகிக்கொண்டது. பயந்துவிட்டேன் என்பதுதான் நிஜம்.

உங்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. மெஷினுக்குள் எண் என்பது எரிந்தும் அணைந்தும் நிற்கும் பிட்களின் வரிசைதான்; முந்நூறில் இருநூற்றைம்பத்தாறுக்கான ஒரே ஒரு பிட் அணைந்தால் நாற்பத்து நான்கு. மூன்றில் பதினாறுக்கான ஒரே ஒரு பிட் எரிந்தால் பத்தொன்பது. மார்கழிக் குளிரில், மாடி அறையில், கூடுதல் வேகத்துக்குப் போதுமாயிருந்த வோல்டேஜ் சித்திரை மத்தியானத்தில் மயிரிழை போதவில்லை. ஃபேனில் தீவனத் தூசி வேறு அடைத்திருந்தது. முழுசாகப் போதாமல் இருந்திருந்தால் மெஷின் நின்றிருக்கும், எல்லோரும் பிழைத்திருப்போம். மயிரிழை போதாததுதான் கொன்றது.

முரளி என் கையைப் பிடித்து வெளி வராந்தாவுக்கு அழைத்துப் போனான். ரகசியமாகப் பேசினான். வோல்டேஜை இரண்டு படி ஏற்றி, ஃபேனை மாற்றினால் இந்தத் தப்பு நின்றுவிடும். இங்கேயே, இப்போதே செய்துவிடலாம். பவர் சப்ளை பழுது என்று சொல்லிவிடலாம். ஆறுச்சாமிக்கும் நல்லது, நமக்கும் நல்லது. அவன் கெட்டவன் இல்லை. அவன் சொன்னதில் தொழில் முறையில் ஒரு தப்பும் இல்லை. இரண்டு படி ஏற்றியிருந்தால் அநேகமாகத் தப்பு நின்றிருக்கும். ஒரு நிமிஷம் நானும் யோசித்தேன். பழியும் யார்மேலும் விழாது.

அப்போதுதான் தலைக்குள் இடி விழுந்தது போல இன்னொன்று உறைத்தது. பவர் சப்ளை பழுது என்று சொன்னால் இன்றைக்குப் பழுதானது என்று ஆகும். ஆனால் வெயில் ஆரம்பித்த நாளிலிருந்தே இந்த மெஷின் எந்தெந்த மத்தியானம் எதை மாற்றி அடித்தது என்று யாருக்குத் தெரியும்? நேற்றும் லோடு போயிருக்கிறது. இன்று காலையும் போயிருக்கிறது. ஒரு பொய்யை மூட இன்னொரு பொய் சொன்னால், அதற்குள் ஏதோ ஒரு கொட்டகையில் மூட்டையைப் பிரித்துவிடுவார்கள்.

நேரே உள்ளே போய் ராமசாமியிடம் சொன்னேன்.

“தப்பு எங்களதுங்க. அந்தப் பிராசஸர் தாங்கற வேகத்துக்கு மேல ஓட்டிக் குடுத்துட்டோம். நேத்தும் இன்னிக்கும் போன தீவனத்த யாரும் கோழிக்குப் போடக்கூடாது. மொதல்ல லாரியை நிறுத்துங்க.”

அவர் என்னைத் திட்டுவார், அடிக்கக்கூடக் கை ஓங்குவார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பார்வை ஆறுச்சாமி மேல் போயிற்று. பிறகு போனை எடுத்தார். பண்ணைகளில் போன் இருந்த இரண்டு இடத்துக்குச் சொன்னார். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போன் போட்டு வர வேண்டாம் என்றார். ஒரு லாரி தாராபுரம் ரோட்டில் போய்விட்டது. அந்தப் பண்ணைக்குப் போன் கிடையாது. இறக்கும் இடம் ஆறுச்சாமிக்குத் தெரியும். அவருக்கு பைக் ஓட்டத் தெரியாது. முரளி மேஜை மேலிருந்த ராமசாமியின் பைக் சாவியை எடுத்தான். ஒருமணி நேரம் முன்பு வரை யாரைப் போலீஸில் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்ப நினைத்தானோ, அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான்.

அந்த இரண்டு நாளின் தாள்கள் இன்னும் ஆணியில் குத்தியிருந்தன. நானும் ராமசாமியும் எதிரெதிரே உட்கார்ந்து, பென்சிலால், பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல ஒவ்வொன்றாகக் கூட்டினோம். ஆயிரம், ஆயிரம், ஆயிரம். எதுவும் தப்பில்லை போலிருக்கிறது என்று மூச்சு விடும்போது ஒன்று ஆயிரத்து அறுபத்து நான்கு வந்தது. சுண்ணாம்புக்கல் தூள் பத்து கிலோ இருக்க வேண்டிய இடத்தில் எழுபத்து நான்கு. நேற்று மத்தியானம் அடித்த தாள் அது; இன்று தாராபுரம் ரோட்டில் போன லோடு.

அதற்குமேல் நாங்கள் செய்ய ஒன்றுமில்லை. போன் மணிக்காகக் காத்திருந்தோம். ராமசாமி ஒன்றே ஒன்றுதான் கேட்டார், மெஷினைப் பழைய வேகத்தில் வைத்தால் சரியாக ஓடுமா என்று. ஓடும் என்றேன். மெதுவாகவே ஓடட்டும் என்றார். பொழுது சாய்கிற நேரம், வழியில் ஒரு கடையிலிருந்து முரளி பேசினான். மூட்டைகளை இறக்கி, முதல் மூட்டையின் வாயைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு குஞ்சும் தின்னவில்லை. அதைச் சொல்லிவிட்டு அவன் போனில் அழுதான். நான் வைக்கச் சொல்லவில்லை. அழுது முடியும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

மாராத்தாளிடம் யார் சொல்வது என்ற கேள்வி இருந்தது. நாளைக்குத் தானே போய்ச் சொல்வதாக ராமசாமி சொன்னார். நாளை வரை அவள் ஆறுச்சாமிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று தோன்றியது. பண்ணை பக்கம்தான். நடந்து போனேன்.

அவள் இன்னும் தண்ணீர்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள். காலையில் கழுத்தைத் தொங்கப்போட்டிருந்தவற்றில் சில எழுந்து நின்றிருந்தன. நடந்ததைச் சொன்னேன். கம்ப்யூட்டர், வோல்டேஜ் எதையும் சொல்லவில்லை. எங்கள் கடை கொடுத்த மெஷின் உப்பைத் தப்பாக அடித்துவிட்டது, ஆறுச்சாமி காகிதத்தில் இருந்ததைத்தான் போட்டார் என்று மட்டும் சொன்னேன். அவள் கோபம் என்மேல் திரும்பட்டும், அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று நின்றேன்.

“ஆறுச்சாமி பண்ணலீங்களா?”

இல்லை என்றேன்.

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். முகம் வெளிறிப்போயிற்று. இறந்த குஞ்சுகளைப் பற்றிச் சொல்லும்போதுகூட அவள் முகம் அப்படி ஆகவில்லை. அன்று விடிந்ததும், உப்பு என்று கேள்விப்பட்ட உடனே, ஆறுச்சாமி வீட்டு வாசலுக்குப் போயிருக்கிறாள். அவர் அதற்குள் வேலைக்குக் கிளம்பிவிட்டார். பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் நின்றிருந்தார்கள்.

“மண்ண வாரித் தூத்திப்போட்டு வந்துட்டன் அம்மணி. அந்தப் புள்ளைக மேலயே. வாயில வந்ததெல்லாஞ் சொல்லிப்போட்டேன்.”

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, குஞ்சுகளையும் என்னையும் விட்டுவிட்டு, ரோட்டில் இறங்கி வேகமாக நடந்தாள்.

நான் மில்லுக்குத் திரும்பினேன். கொஞ்ச நேரத்தில் முரளியும் ஆறுச்சாமியும் வந்துசேர்ந்தார்கள். முரளி யாரும் சொல்லாமலே பெட்டியைத் திறந்து, ஜம்பர்களைப் பழைய இடத்துக்கு மாற்றினான். அதற்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

நீங்கள் கேட்பீர்கள், அதற்குப் பிறகு அவன் வேகம் கூட்டுகிற வேலையை விட்டுவிட்டானா என்று. விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. ஆனால் வெயில் ஏறாத நேரத்தில் ஓட்டிப் பார்த்ததை அவன் சோதனை என்று சொல்வதில்லை. மெஷின் நிற்காததை எண்ணுவதை விட்டுவிட்டு, விடை தெரிந்த கணக்குகளைக் கொடுத்து விடையைச் சரிபார்ப்பான். தாங்குகிற வேகத்தைக் கண்டுபிடித்தபின் அதிலிருந்து இன்னும் கொஞ்சம் இறக்கித்தான் கொடுப்பான். மனிதர்கள் தின்பது, மிருகங்கள் தின்பது, மருந்து, பாலம், இவை சம்பந்தப்பட்ட மெஷின் என்றால் தொடவே மாட்டான். கேட்டவளுக்கு என் பதில் இதுதான் அம்மா. உன் மெஷின் நிற்கவில்லை என்று சொன்னாய். அது என்ன விடை சொன்னது என்று நீ பார்த்தாயா என்பதை நீ சொல்லவில்லை.

அன்று இருட்டுவதற்கு முன் ராமசாமி ஜீப்பை எடுத்தார். எங்களைப் பஸ்ஸில் விடுவதற்கு என்று நினைத்தோம். ஆறுச்சாமியை முன் சீட்டில் ஏறச் சொன்னார். அவர் தயங்கினார். “ஏறு ஆறுச்சாமி, ஊட்டுல உட்டுட்டு வாரேன்” என்றார் ராமசாமி. மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் அன்று வரவில்லை. வழி நெடுக இருவரும் எதிரே ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ஆறுச்சாமி வீட்டு வாசலில் மாராத்தாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. வீட்டு நிலைப்படியில் ஆறுச்சாமியின் மனைவி நின்றிருந்தாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை என்பது இருவரும் இருந்த இருப்பிலேயே தெரிந்தது. இரண்டு பிள்ளைகளும் அம்மாவின் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆறுச்சாமி ஜீப்பிலிருந்து இறங்கினார். காலையிலிருந்து மில்லில் இருந்த மனுஷர். வாசலில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

“ஏனுங்க்கா, மண்ணுல உக்காந்துட்டீங்க? உள்ள வாங்க” என்றார்.

மாராத்தாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு வார்த்தை, அந்த வீட்டுக்காரி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் மாராத்தாளைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

“நல்ல தீவனம் எப்ப வரும்னு கேக்க வந்தாங்க. நாந்தான் நீங்க வாரவரைக்கும் இருக்கச் சொன்னேன்” என்றாள்.